எடுக்க மறந்தது நீங்கள், அபராதம் எனக்கா?

கணக்கில் பணம் இருந்தது. திரும்பவும் சொல்கிறேன், கணக்கில் பணம் இருந்தது.

தவணை நாளில் என் கணக்கிலிருந்து பணத்தை எடுக்காமல் விட்டுவிட்டு, ஃபைனான்ஸ் கம்பெனி எனக்கே ஃபைன் போட்ட வண்டி லோன் விவகாரத்தைப் போன வாரம் எழுதியபோது ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "ஒழுங்கா கட்டியிருந்தா ஏன் ஃபைன் போடப் போறான்?" என்று கேட்ட பெரிய மனிதர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. அந்த ஃபைனான்ஸ் கம்பெனியிடமிருந்து நேற்று பதில் வந்துவிட்டது. கட்டணம் விதிமுறைப்படியே விதிக்கப்பட்டிருக்கிறதாம், புகாரை முடித்துவைக்கிறார்களாம். நான் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டைத் திறந்தாவது பார்த்தார்களா என்பது அந்த மெயிலைப் படித்தால் தெரியவில்லை.

டியூ 5ஆம் தேதி. தவணை 3,460 ரூபாய். அன்று காலையில் என் கணக்கில் இருந்தது 14,380. இரவும் அதே 14,380, மறுநாளும் அதேதான். ஏனென்றால் எடுக்க யாரும் வரவே இல்லை. பேலன்ஸ் இல்லாமல் திரும்பியிருந்தால் என் பேங்க் சும்மா விடுமா? 250 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 295ஐப் பிடித்துக்கொண்டுதான் மறுவேலை பார்க்கும். அப்படி ஒரு வரியே ஸ்டேட்மென்ட்டில் இல்லை. "மேண்டேட் (பணம் எடுக்க நீங்க கொடுத்த அனுமதி) ஆக்டிவாதான் இருக்கு சார், அன்னைக்கு அவங்க பக்கத்துலேருந்து ரிக்வெஸ்ட்டே வரலை" என்று சொன்ன கிளை மேலாளர், அதை மெயிலிலும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் 9ஆம் தேதி கம்பெனிக்குத் திடீரென்று நினைவு வந்து, தவணையை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். எடுத்த கையோடு, பணமில்லாமல் தவணை திரும்பியதாகச் சொல்லிப் போடும் பவுன்ஸ் சார்ஜ் 590, தாமதக் கட்டணம் தனி. அனுப்பவே அனுப்பாத ஒன்று எப்படி பவுன்ஸ் ஆனது என்று கேட்டால், "சிஸ்டம்ல அப்படித்தான் சார் காட்டுது."

ஆட்டோ டெபிட்டில் நான் பணம் கட்டுவதில்லை. அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். என் கணக்குக்குள் கைவிட்டு எடுக்கும் உரிமையை லோன் போட்ட அன்றே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். தவணை நாளில் பணத்தை வைத்திருப்பது மட்டும்தான் என் வேலை, எடுப்பது அவர்கள் வேலை. என் வேலையை நான் செய்துவிட்டேன். அவர்கள் வேலையை அவர்கள் செய்யாததற்கு நான் எதற்கு ஐயா தண்டம் கட்ட வேண்டும்?

முதலில் போனில் பேசிய பெண், "5ஆம் தேதி ஞாயிறு சார், பேங்க் லீவு" என்றார். ஞாயிறோ பொங்கலோ, கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் நாச் (NACH) முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் வாரத்தின் எல்லா நாளும் ஓடுகிறது. ரிசர்வ் வங்கி அறிவித்து நடைமுறைக்கு வந்த விஷயம் அது. இதைச் சொன்னதும் லைனை ஹோல்டில் போட்டார். ஒரு வயலின் இசை வந்தது. பிறகு கட்டாகிவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, பாவம், அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் படிக்கிறார்.

நாங்கள் திருப்பூரில் லைன் வீட்டில் இருந்தபோது அப்பா ஒரு டிவியைத் தவணையில் எடுத்தார். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் என்பதால் ஞாயிறு காலையில் தவணைக்காரர் டிவிஎஸ் 50இல் வந்துவிடுவார். சட்டைப்பையில் ரப்பர் பேண்டு போட்ட அட்டைக்கட்டு இருக்கும். பணத்தை வாங்கி, எண்ணி, அட்டையில் தேதி போட்டுச் சுழித்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு வாரம் காய்ச்சல் என்று அவர் வரவில்லை. அடுத்த வாரம் வந்து, "போன வாரம் என்னால வர முடியலைங்க" என்று அவரே சொல்லி, இரண்டு தவணையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். லேட் ஃபீஸ் என்ற பேச்சே இல்லை. வசூலுக்கு வராதது தன் தவறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்துத் தவணைக்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்கள் போட்ட வட்டியும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு நியாயம் அவரிடம் இருந்தது.

"590 ரூபாய்க்கா இவ்வளவு பெரிய பதிவு?" என்பார்கள். ஆமாம், 590 ரூபாய்க்குத்தான். உங்களுக்கு அது சின்னத் தொகை என்றால் என் சார்பில் நீங்களே கட்டிவிடுங்கள், ஜிபே நம்பர் இன்பாக்ஸில் தருகிறேன்.

"பணம் போகலைன்னு தெரிஞ்சதும் பேமென்ட் லிங்க்ல கட்டியிருக்கலாமே" என்று இன்னொருவர் சொல்வார். என் நண்பன் அப்படித்தான் கட்டினான். அவன் லிங்கில் கட்டியதற்கு மறுநாள் நாச்சிலும் எடுத்துவிட்டார்கள். ஒரே மாதத்துக்கு இரண்டு தவணை போய், வீட்டு வாடகைக்கு என்னிடம் கைமாற்று வாங்கினான். நான் ஏன் அந்த வம்பில் மாட்ட வேண்டும்?

"எந்தக் காரணத்தால் போகாவிட்டாலும் கட்டும் பொறுப்பு உங்களுடையது என்று அக்ரிமென்ட்டில் இருக்கிறதே?" இருக்கலாம். பேங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரும் இதையே சொன்னார். ஷோரூமில் அந்தப் பையன் பென்சிலில் டிக் போட்டு வைத்து, "இங்க சார், இங்க, இங்க" என்று பக்கம் பக்கமாகப் புரட்டினான். அதில் எதையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒருவரைக் காட்டுங்கள், அப்புறம் பேசுகிறேன்.

சரி, விதிமுறை என்கிறார்களே, விதிமுறையையே பார்ப்போம். அபராதக் கட்டணம் பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அபராதம் கடன் வாங்கியவரிடம் ஒழுங்கை ஏற்படுத்தத்தான், வருமானத்தைப் பெருக்கிக்கொள்ளும் வழி அல்ல என்று அதில் இருக்கிறது. விதித்தால் என்ன காரணத்துக்கு என்று தெரிவிக்க வேண்டும், அபராதத்தின் மீது வட்டி போடக் கூடாது. எனக்குச் சொல்லப்பட்ட காரணம் 'சிஸ்டம்'. பணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தவனிடம் எந்த ஒழுங்கை ஏற்படுத்தப் போகிறார்கள்? கோடிக்கணக்கில் வாங்கிவிட்டு விமானம் ஏறியவர்களிடம் போய் ஏற்படுத்தட்டுமே. அதற்குத் தெம்பு இல்லை. மாதம் 3,460 கட்டுகிறவன்தானே கைக்கு எட்டுகிறான்.

நான் விடப்போவதில்லை. 'விதிமுறைப்படி சரி' என்ற அவர்களது பதிலையே முதல் இணைப்பாக வைத்து இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு இன்று புகார் போட்டுவிட்டேன். கம்பெனி பதிலே தரவில்லை என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டும், நிராகரித்துப் பதில் வந்துவிட்டால் அதுவும் தேவையில்லை. ஆன்லைனிலேயே முடிந்துவிட்டது, பணம் எதுவும் கேட்கவில்லை. தகவல் வேண்டுபவர்கள் 14448க்குப் பேசலாம். தவணை தாமதம் என்று, நம் கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் ஏற்றியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த வருடம் வீட்டு லோன் கேட்கப் போகும்போது அங்கே யாரிடம் போய் இந்தக் கதையைச் சொல்வேன்?

போன வாரம் எழுதாத ஒன்று இருக்கிறது. 8ஆம் தேதி இரவு எட்டரைக்கு, லோன் விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸாகப் பெயர் கொடுத்திருந்த என் சித்தப்பாவுக்கு போன் போட்டிருக்கிறார்கள். இரவு 7 மணிக்கு மேல் வசூலுக்காக போன் செய்யக் கூடாது, ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதெல்லாம் அவர்கள் சிஸ்டத்தில் காட்டாது போல. "உங்க அண்ணன் பையன் பணம் கட்டாம ஏமாத்துறார்" என்று சொல்லியிருக்கிறான் ஒருவன். சித்தப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "தம்பிக்குப் பணக் கஷ்டம்னா சொல்லுங்க அண்ணி, நான் தர்றேன்" என்றிருக்கிறார். அம்மா அதை என்னிடம் சொல்வதற்கே இரண்டு நாள் ஆனது.

590ஐத் திருப்பி வாங்கிவிடுவேன். சித்தப்பாவுக்கு எந்த கஸ்டமர் கேர் போன் போட்டு, பையன் பணம் வைத்திருந்தான், நாங்கள்தான் எடுக்கவில்லை என்று சொல்லும்?