ஸ்கேன் எடுத்தால் ஏடிஹெச்டி தெரிந்துவிடாது

ஏடிஹெச்டி என்பது கவனம் சிதறுவதும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் காணப்படும் நிலை. "ஏடிஹெச்டி என்றால் மூளை அளவுக்கு மீறி வேலை செய்வது, அதை மந்தமாக்கத்தான் மாத்திரை, ஸ்கேன் எடுத்தாலே தெரிந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்றுமே சரியில்லை.

உடம்பு துறுதுறுவென்று இருந்தால் மூளையும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அம்புக்குறி வந்ததும் பொத்தானை அழுத்து, நடுவில் 'நில்' என்று சைகை வந்தால் அழுத்தாதே என்கிற மாதிரி சோதனைகளில், வலது முன்மூளையின் கீழ்ப்பகுதியிலும் மூளையின் ஆழத்தில் அசைவுகளைக் கட்டுப்படுத்த உதவும் பேசல் கேங்க்லியாவிலும் செயல்பாடு சராசரியாகக் குறைவாக இருப்பதைத்தான் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதாவது பிரேக் பலவீனம். (வேலையின்போது ஓய்ந்திருக்க வேண்டிய டிஃபால்ட் மோட் நெட்வொர்க் (மனம் சும்மா அலையும்போது இயங்கும் மூளைப் பகுதிகள்) சரியாக ஓய்வதில்லை என்றும் சொல்கிறார்கள். அந்தக் கூற்றில் உண்மை ஏதாவது இருந்தால் அந்தத் துளிதான்.)

ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் ஒரு ஊக்க மருந்து, மயக்க மருந்து அல்ல. டோபமைன், நார்அட்ரினலின் இரண்டும் நரம்பு இணைப்புகளில் கூடுதல் நேரம் தங்க உதவுகிறது. அதனால் அந்த பிரேக்குக்குப் பலம் கிடைக்கிறது.

அப்புறம் ஸ்கேன். 2017-இல் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் மூளைப் படங்களை ஒப்பிட்ட ஆய்வில்கூட, சில பகுதிகளின் அளவில் தெரிந்த வித்தியாசம் மிகச் சிறியது. குழுவின் சராசரியை வைத்து ஒரு குழந்தைக்கு ஏடிஹெச்டி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கினவா, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா, குறைந்தது 6 மாதம் நீடித்தனவா என்று விசாரித்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.