தோற்காத அணியும் அதைத் தோற்கடிக்கப் பார்த்த அணியும்

போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் பொங்கல் விருந்து. மினியாபொலிஸில் நம்மாட்கள் விருந்து எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அலுமினியத் தட்டுகளில் பிரியாணி, பிள்ளைகளுக்குத் தனியாக மாக்கரோனி, வாசலில் ஈரம் சொட்டும் பூட்ஸ் குவியல். பேச்சு எப்படியோ ஐஸ் ஹாக்கிக்கு வந்தது. இந்த ஊரில் ஜனவரி மாதம் வேறு எதைத்தான் பேசுவது? 2012-13 சீசனில் மினசோட்டா பல்கலைக்கழகப் பெண்கள் அணி 41 ஆட்டம் ஆடி 41-ஐயும் வென்ற கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே ஒருவர் மடக்கினார். "நாப்பத்தோரு மேட்ச்ல ஒண்ணுகூட தோக்கலைன்னா எதிர்ல ஆளே இல்லைன்னுதான சார் அர்த்தம்? பொம்பளைங்க ஹாக்கில என்ன போட்டி இருக்கப் போகுது?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் ஒரு அப்பளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். எனக்குப் பதில் எப்போதும் காரில் ஏறி வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அணியைப் பற்றி. பெயர் கோஃபர்ஸ். பயிற்சியாளர் பிராட் ஃப்ராஸ்ட். (ஃப்ராஸ்ட் என்றால் உறைபனி. பனி ஹாக்கி சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?) முன்வரிசையில் அமாண்டா கெசல். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் மேடிசன் நகரத்துப் பெண். அவர் ஊரிலேயே நாட்டின் மிகச் சிறந்த பெண்கள் அணிகளில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு அதன் பரம எதிரியான மினசோட்டாவுக்கு வந்து சேர்ந்தவர். அந்த சீசனில் 37 ஆட்டங்களில் 46 கோல் போட்டு, 55 கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்து, மொத்தம் 101 புள்ளி. பந்து என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன், பக் என்று சொல்ல வேண்டும். கோலில் நின்றவர் பின்லாந்துக்காரர் நோரா ரேட்டி. அவர் கணக்கில் மட்டும் 38 வெற்றி, தோல்வி இல்லை. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு கோல்கூட விடவில்லை. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஹாக்கியின் உயரிய விருது பேட்டி காஸ்மையர் பெயரில் தருவது. பிரின்ஸ்டனில் ஆடி, ரத்த நோயால் 28 வயதில் இறந்துபோனவர் அவர். அந்த ஆண்டு இறுதிப் பட்டியலுக்கு வந்த மூன்று பேரும் மினசோட்டா அணிதான்: கெசல், ரேட்டி, தடுப்பாட்டக்காரர் மேகன் போசெக். விருது கெசலுக்குப் போனது.

இதையெல்லாம் அடுக்கினால் விருந்தில் பேசிய அந்த நண்பர் பக்கம்தான் நியாயம் இருப்பது போலத் தெரியும். இப்படி ஓர் அணி இருந்தால் யார்தான் ஜெயிக்க முடியும்? அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. அதைச் சொல்வதற்கு முன்னால், நான் இந்த ஆட்டத்துக்குள் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் வேலையிலிருந்து நேராக வீடு, வீட்டிலிருந்து நேராக வேலை என்று இருந்தேன். என் பக்கத்து மேசையில் ஐம்பது தாண்டிய ஓர் அம்மா. நார்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர், கல்யாணமாகி இங்கே வந்தவர். நான் மூன்று மாதமாகச் சூரியனைப் பார்க்காத முகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை, "கிளம்பு, ரிடர் போகலாம்" என்றார். ரிடர் அரீனா 2002-இல் திறந்தது. அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் ஹாக்கிக்கென்றே கட்டிய முதல் அரங்கம். மூவாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம். ஒட்டினாற்போல ஆண்கள் அணியின் பெரிய அரங்கம், கிட்டத்தட்ட பத்தாயிரம் பேருக்கு. அக்காவுக்குச் சின்ன அறை, தம்பிக்குப் பெரிய அறை என்கிற கணக்குதான். ஆனாலும் அக்காவுக்கென்று ஓர் அறை இருக்கிறதே என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே மைனஸ் இருபது. உள்ளே குளிர்பதனப் பெட்டி மாதிரி இருந்தது, அதுவே கதகதப்பாகத் தோன்றியது. கண்ணாடித் தடுப்புக்கு மூன்றாவது வரிசை. தொலைக்காட்சியில் பார்த்தால் இந்த ஆட்டம் புரியாது, சத்தியமாகச் சொல்கிறேன். நேரில் முதலில் பிடிபடுவது சத்தம். முழு வேகத்தில் வந்து சறுக்குக் காலணியைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கும்போது ஐஸ் சீவி எழும் அந்த 'சர்ர்' ஓசை. கூடவே தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைத் தூள் பறக்கும். பக் என்பது மெதுவடை அளவுக்கு ஒரு கெட்டி ரப்பர் வட்டு, சுமார் 170 கிராம். துள்ளக்கூடாது என்பதற்காக அதை உறைய வைத்துக் கொண்டுவருவார்கள். அது கோல் கம்பத்தில் பட்டால் கோயில் மணியில் சின்னச் சுத்தியலால் தட்டியது போல 'டிங்'. பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளுவது விதிப்படி தவறு. ஆனால் தடுப்புச் சுவர் ஓரத்தில் இரண்டு பேர் பக்குக்காக நெருக்கிக்கொள்வதைப் பார்த்தால் அந்த விதி எழுதியது வேறு ஏதோ விளையாட்டுக்கு என்று தோன்றும். முக்கால் நிமிடம் ஆடுவார்கள், மூச்சு வாங்க வந்து பெஞ்சில் விழுவார்கள், அடுத்த ஐந்து பேர் குதிப்பார்கள். அந்த முக்கால் நிமிடம் முழுவதும் ஓட்டப்பந்தயம்.

அன்று எதிரணி நார்த் டகோட்டா. அரங்கம் முழுக்க அரக்கும் பொன்னிறமும், மினசோட்டாவின் வண்ணம். எங்கள் வரிசையில் ஒரே ஒரு பச்சைத் தொப்பி, என்னை அழைத்து வந்த அம்மாவுடையது. "இங்கேயே முப்பது வருஷம் குடியிருக்கீங்க, இன்னும் பச்சையா?" என்று கேட்டேன். இடைவேளையில், பாப்கார்ன் வரிசையில் நின்றபடி, அந்த 2013 கதையை அவர்தான் முதல்முதலில் சொன்னார். தோற்ற பக்கத்திலிருந்து.

2013 மார்ச் 16. தேசியப் போட்டியின் கால் இறுதி. அப்போது மொத்தம் எட்டு அணிகள்தான் அதில் நுழைய முடியும். விமானச் செலவைக் குறைக்க, பேருந்தில் வரக்கூடிய தூரத்தில் இருக்கிற அணிகளை முதல் சுற்றிலேயே மோதவிடுவது வழக்கம். கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து மினியாபொலிஸ் சுமார் 500 கிலோமீட்டர். அதனால் மினசோட்டாவின் முதல் ஆட்டமே நார்த் டகோட்டாவுடன். அந்த அணிக்கு அப்போது செல்லப்பெயர்கூட இல்லை. பழைய பெயர் பழங்குடியினரை இழிவுபடுத்துகிறது என்ற நீண்ட சர்ச்சைக்குப் பிறகு 2012-இல் அதைக் கைவிட்டிருந்தார்கள், புதுப் பெயர் 2015-இல்தான் வந்தது. பெயர் இல்லாமல் வந்த அந்த அணியில் ஜோஸ்லின், மோனிக் என்று லாமுரூ இரட்டையர். கிராண்ட் ஃபோர்க்ஸில் பிறந்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், கல்லூரியின் முதல் வருடம் இருவரும் மினசோட்டாவுக்குத்தான் ஆடினார்கள். பிறகு ஊருக்குத் திரும்பி நார்த் டகோட்டாவில் சேர்ந்தார்கள்.

அறுபது நிமிடம் முடிந்தபோது 2-2. கூடுதல் நேரம் என்றால் இங்கே பெனால்டி அடித்து முடிக்கும் சமாச்சாரம் இல்லை. முழுதாக இருபது நிமிடம், முதலில் கோல் போடுபவர் வெற்றி. போடாவிட்டால் இன்னொரு இருபது. முதல் இருபதில் இல்லை. இரண்டாவது இருபதிலும் இல்லை. மூன்றாவதில் மினசோட்டாவின் கெல்லி டெர்ரி போட்டார். 3-2. ஒரே ஒரு பக் வேறு பக்கம் திரும்பியிருந்தால் 41-0 என்ற எண்ணே இல்லை. இன்றைக்கு நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அந்த நண்பரும் சிரித்திருக்க மாட்டார். "அந்த மூணாவது எக்ஸ்ட்ரா டைம்ல எங்க பொண்ணுங்க காலே எழும்பாம சறுக்கிட்டிருந்தாங்க, ஆனா ஒருத்தி உட்காரலை" என்றார் அந்த அம்மா. சொல்லும்போது அவர் கையிலிருந்த பாப்கார்னை மறந்துவிட்டார்.

அத்தோடு முடியவில்லை. அரையிறுதியில் பாஸ்டன் காலேஜ், மறுபடியும் கூடுதல் நேரம், மறுபடியும் 3-2. இறுதி ஆட்டம் மார்ச் 24, பாஸ்டன் யுனிவர்சிட்டியுடன். அந்த அணியில் இருந்தவர் மரி-ஃபிலிப் பூலன். 2010 ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கோல்களைப் போட்டவர், 2014-இல் சோச்சி ஒலிம்பிக்கிலும் அதையே செய்யப் போகிறவர். மினசோட்டா 6-3 என்று ஜெயித்தது. ஆளே இல்லாத எதிரணி என்று யாராவது சொன்னால், இந்த மூன்று ஆட்டங்களின் பட்டியலைத்தான் நீட்டுவேன். அக்டோபரில் ஆரம்பித்த சீசன், மார்ச்சில் எட்டு நாள் இடைவெளிக்குள் இரண்டு முறை நூலில் தொங்கியது.

அப்புறம், அந்தத் தொடர் வெற்றி முந்தைய சீசனின் கடைசியிலிருந்து எண்ணினால் 62 ஆட்டம் நீண்டது. 2013 நவம்பரில் அதை முறித்தது யார்? நார்த் டகோட்டாதான். விரட்டி விரட்டி வந்து முடித்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தோற்காத சீசன் என்பதை நாம் ஜெயித்தவர்களின் சொத்தாக மட்டும் எழுதி வைக்கிறோம். என் கணக்கில் அதில் பாதிப் பங்கு எதிரில் நின்றவர்களுக்கு. கபடியில் எதிர்ப்பக்கம் ஆள் பிடிக்கத் தெரியாதவர்கள் நின்றால் பாடிப் போகிறவனுக்கு என்ன பெருமை? மினசோட்டாவை ஒரு மாபெரும் அணியாக்கியதில் கெசலுக்கும் ரேட்டிக்கும் எவ்வளவு பங்கோ, பேருந்தில் ஐந்து மணிநேரம் வந்து மூன்று கூடுதல் நேரம் ஆடிய அந்தப் பச்சைச் சட்டைக்காரர்களுக்கும் அவ்வளவு பங்கு.

சரி, அவர்களுக்கு என்ன ஆனது?

2017 மார்ச் மாதக் கடைசி. அமெரிக்கத் தேசியப் பெண்கள் அணி, ஊதியமும் வசதியும் சரியாக இல்லை என்று உலகச் சாம்பியன்ஷிப்பையே புறக்கணிக்கப் போவதாக நின்றது. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் லாமுரூ இரட்டையரும் இருந்தார்கள். மார்ச் 28-ஆம் தேதி ஒப்பந்தம், வெற்றி. மறுநாள், மார்ச் 29, நார்த் டகோட்டா பல்கலைக்கழகம் பெண்கள் ஹாக்கி அணியைக் கலைப்பதாக அறிவித்தது. கூடவே ஆண், பெண் நீச்சல் அணிகளையும். காரணம் பட்ஜெட் பற்றாக்குறை. ஆண்கள் ஹாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஊரில் ஆண்கள் ஹாக்கி குலதெய்வம் மாதிரி. 2001-இல் ஒரு பழைய மாணவரின் நன்கொடையில் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய அரங்கம் அங்கே நிற்கிறது, ஒவ்வொரு இருக்கையும் தோல் போர்த்தியது. நன்கொடைப் பணமும் பல்கலைக்கழகப் பணமும் வேறு வேறு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தத் தோல் இருக்கைகளை நினைத்தால் பற்றாக்குறை என்ற சொல் எனக்குத் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு பணத்தை வெட்டியது உண்மை. எதையாவது நிறுத்தியாக வேண்டும் என்ற நெருக்கடியும் உண்மை. நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் பணமுடை வந்தால் முதலில் நிறுத்துவது ஏன் எப்போதும் பெண்ணின் படிப்பு? முன்னாள் வீராங்கனைகள் சிலர் இதையே நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1972-இல் வந்த, கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தை மேற்கோள் காட்டி வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அதை 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உயிர்ப்பித்தது. அதற்குள் அந்தப் பெண்கள் எல்லோரும் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அணி கலைந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. 2018 பிப்ரவரி 22, தென்கொரியாவில் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், அமெரிக்காவும் கனடாவும். அமெரிக்கா பின்தங்கியிருந்தபோது கடைசிப் பகுதியில் சமன் செய்தவர் மோனிக். கூடுதல் நேரமும் முடிந்து, ஒவ்வொருவராக வந்து கோல்காவலரை எதிர்த்துப் பெனால்டி அடிக்கும் கட்டத்தில் வெற்றி கோல் போட்டவர் ஜோஸ்லின். இருபது வருடத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்கு அந்தத் தங்கம். இரண்டு கோலும் அந்த மூடிய அணியிலிருந்து வந்தவர்களுடையது.

நோரா ரேட்டி கதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். கல்லூரியின் கடைசி சீசனைத் தோல்வியே காணாமல் முடித்தவர், சோச்சிக்குப் பிறகு, பெண்களுக்கு ஆடிப் பிழைக்க ஒரு நல்ல லீக் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு பின்லாந்தில் ஆண்களின் இரண்டாம் நிலை லீக்கில் போய் ஆடினார். ஒழுங்கான சம்பளம் தரும் பெண்கள் லீக் வட அமெரிக்காவில் தொடங்கியது 2024 ஜனவரி 1-இல். முதல் கோப்பை அந்த லீக்கின் மினசோட்டா அணிக்கே. 2013 அணியில் முதலாண்டு மாணவியாக இருந்த லீ ஸ்டெக்லைன் அந்த அணியிலும் இருந்தார். மற்ற பலருக்கு அந்த லீக் பத்து வருடம் தாமதம்.

இன்னொன்றையும் விட்டுவிட மனசில்லை. 2016-இல் பாஸ்டன் காலேஜ் 40-0 என்று இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரில் மினசோட்டா. தலையில் அடிபட்டு நெடுநாள் ஆடாமல் இருந்து, அந்த சீசனின் கடைசியில் திரும்பி வந்திருந்த கெசல் வெற்றி கோலைப் போட்டார். 3-1. பாஸ்டன் காலேஜ் 40-1 என்று வீட்டுக்குப் போனது. அந்த அணியைப் பற்றி இன்று யார் பேசுகிறார்கள்? நாற்பது ஆட்டம் ஜெயித்தவர்கள் ஐயா அவர்கள்! 41-0-க்கும் 40-1-க்கும் நடுவே இருப்பது ஒரு மாலைப் பொழுது, அவ்வளவுதான்.

என் பக்கத்து மேசை அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். 2017-க்குப் பிறகும் ரிடருக்கு வருவதை நிறுத்தவில்லை. பச்சைத் தொப்பி மட்டும் இல்லை, சாதாரண கறுப்புக் கம்பளித் தொப்பி. போன மாதம் நாங்கள் இருவரும் ஓர் ஆட்டத்துக்குப் போயிருந்தோம். மினசோட்டா ஒரு கோல் போட்டதும் அரங்கமே எழுந்தது, நானும் எழுந்தேன், அவர் உட்கார்ந்தே இருந்தார். "இப்ப யாருக்குத்தான் கை தட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"எந்த டீம் பஸ்ல வந்துச்சோ, அதுக்கு" என்றார்.