எத்தனை குளிர்காலம் அங்கே இருந்தார்?

தோட்டக்கலை விஞ்ஞானி ஒருவர் பணி ஓய்வு பெறும்போது அவரைப் பாராட்டி எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன: இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை ரகங்கள், இத்தனை விருதுகள். சமவெளியில் வேலை செய்தவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். லடாக் போன்ற குளிர்பாலைவனத்தில் வேலை செய்தவருக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. அங்கே வேலை செய்த ஒருவரைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி, அவர் எத்தனை குளிர்காலம் அந்த ஊரிலேயே இருந்தார் என்பதுதான்.

லடாக்கின் முக்கிய ஊரான லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் மழையளவு சுமார் 100 மி.மீ. தான். பயிர் செய்ய மே முதல் செப்டம்பர் வரை கிடைத்தால் அதிகம். அந்த மாதங்களில் போகிறவர் கண்ணுக்கு எல்லாம் செழிப்பாகவே தெரியும். நீண்ட பகல், மேகமில்லாத வானம், தலையைவிடப் பெரிய முட்டைக்கோசு. கோடையில் போய் அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அறிக்கை எழுதுவது எளிது. ஜனவரியில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கி, மலைச்சாலைகள் பனியால் மூடிக் கிடந்து, படைவீரருக்கான காய்கறி சண்டிகரிலிருந்து விமானத்தில் வரவேண்டியிருக்கும்போதுதான் அந்த மண்ணின் உண்மையான சிக்கல் தெரியும்.

இந்தச் சிக்கலில் கைவைக்க நேரு தேர்ந்தெடுத்த மனிதர் போஷி சென் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. வங்காளத்தின் பிஷ்ணுபூரில் 1887இல் பிறந்தவர். ஜகதீஷ் சந்திர போஸிடம் பயின்ற தாவர உடலியல் அறிஞர். 1924இல் கல்கத்தாவில் தன் வீட்டிலேயே விவேகானந்தா ஆய்வகத்தைத் தொடங்கினார். 1936இல் அதை இமயமலையடுக்கில் உள்ள அல்மோராவுக்கு மாற்றியவர், 1971இல் இறக்கும்வரை அந்த ஊரையே தன் ஊராக்கிக்கொண்டார். அரசு வேலையின் பாதுகாப்பில்லாமல், கிடைத்த நன்கொடையை வைத்துக்கொண்டு மலை விவசாயிக்காக உழைத்தவர் அவர். லடாக்கில் வேளாண் ஆய்வைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1962இல் லேயில் பாதுகாப்புத் துறையின் கள ஆய்வகம் உருவானது; இன்று அது உயர்மலை ஆராய்ச்சிக்கான நிறுவனமாக இயங்குகிறது. மலைக்குச் சுற்றுலா போல வந்து போகிறவரை விட்டுவிட்டு, மலையிலேயே தங்கிவிட்ட ஒருவரிடம் இதைக் கொடுத்ததுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

லேயின் தோட்டக்கலையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது எந்தப் புதிய ரகமும் அல்ல, ஒரு குழி. அங்கே 'டிரெஞ்ச்' என்று சொல்லும் முறை அது. சுமார் மூன்றடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி, மேலே வில்லோ அல்லது பாப்ளர் கழிகளைக் குறுக்கே போட்டு, அதன் மேல் பாலித்தீனைப் போர்த்துகிறார்கள். தரைக்கு மேல் எழும்பி நிற்கும் பாலித்தீன் பயிர்க்குடிலைக் காற்று நான்கு பக்கமும் அறைந்து அதன் சூட்டை உறிஞ்சிவிடும். குழிக்குள்ளோ காற்று புகாது, பகலில் வெயில் கொடுத்த சூட்டைப் பக்கவாட்டு மண்ணே வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திருப்பித் தரும். பாலித்தீன் வெயிலை உள்ளே விடுவதில் கெட்டி, சூட்டைப் பிடித்து வைப்பதில் மோசம். ஆகவே இருட்டியதும் மேலே இன்னொரு போர்வை போட்டு, காலையில் வெயில் ஏறியதும் எடுக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் செடி ஏறக்குறைய வளராமல் நின்றுவிடும் என்பதால், அதற்கு முன்பே அது போதிய அளவு வளர்ந்திருக்கும்படி இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிட வேண்டும். இரவில் விறைத்துத் துவண்ட பசலைக்கீரை செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடாமல், பனி இளகும்வரை பொறுத்திருந்தால் அது மறுபடி நிமிரும். இந்தப் பொறுமையைக் கோடையில் மட்டும் வந்து போகிறவரிடம் எதிர்பார்க்க முடியாது.

இதே அறிவின் இன்னொரு பயன்தான் நாற்று. தக்காளி, முட்டைக்கோசு, காலிபிளவர் நாற்றுகளை மார்ச், ஏப்ரலில் மறைவிடத்தில் வளர்த்து, வெளியே குளிர் தணிந்ததும் நட்டால் ஏறக்குறைய ஒரு மாதம் மிச்சமாகிறது. நான்கைந்து மாதமே பயிர்க்காலம் உள்ள ஊரில் ஒரு மாதம் என்பது என்ன என்று விவசாயம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆய்விதழ் எதுவும் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடாது. என்றாலும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக உள்ளூர் விவசாயிகள் ராணுவத்துக்குக் காய்கறி விற்கும் நிலை வந்ததில் இந்த ஒரு மாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சீபக்தார்ன் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஆற்றோரங்களில் தானே வளரும் முட்புதர். வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும், மண்ணரிப்பைத் தடுக்கும். உள்ளூர்க்காரர்கள் அதன் முட்கிளைகளை வேலிக்கும் சுவர் உச்சிக்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் புளித்த ஆரஞ்சு நிறப் பழத்திலிருந்து லே ஆய்வகம் பானம் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. இதை 'அதிசயப் பழம்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் மீது எனக்கு எரிச்சல் உண்டு. ஆண் செடி தனி, பெண் செடி தனி. முள்ளுக்கு நடுவே பழத்தைப் பறிப்பதே பெரும்பாடு. அதிசயம் என்ற சொல் இந்த உழைப்பை மறைத்துவிடுகிறது. ஊரில் ஏற்கனவே இருந்ததை உற்றுப் பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ரக்ட்சே கார்ப்போ என்ற ஆப்ரிகாட்டும் அப்படித்தான். கொட்டை வெள்ளையாக, பருப்பு இனிப்பாக இருக்கும் அந்த ரகம் லடாக் விவசாயிகளே தலைமுறைகளாகக் காத்து வந்தது; புவிசார் குறியீடு வந்தது 2022இல்தான். பழத்தைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சி வெளியே பரவிவிடும் என்ற அச்சத்தால் லடாக்கின் பழங்கள் பச்சையாக வெளியே போகத் தடை நீண்ட காலம் இருந்தது. ஆகவே உலர்த்தி விற்பது அப்போது வழக்கமாக மட்டுமல்ல, கட்டாயமாகவும் இருந்தது.

இவ்வளவையும் பாராட்டும்போது ஒரு குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிரைப் பற்றி இவ்வளவு யோசித்த நாம் தண்ணீரைப் பிறகுதான் யோசித்தோம். லடாக்கின் வாய்க்கால்கள் பனியாறுகளை நம்பியவை. விதைப்புக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். பனி நன்றாக உருகி ஓடை பெருகுவது ஜூனில். கிராமத்து நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் சுர்பொன் என்பவருக்கு வசந்தத்தில்தான் தலைவலி. சேவாங் நோர்பெல் என்ற பொறியாளர் 1980களின் இறுதியில் தொடங்கிய செயற்கைப் பனியாறுகள், கிராமத்துக்கு அருகே தாழ்வான நிழற்சரிவில் நீரைக் குளிர்காலத்தில் உறைய வைத்து, முன்கூட்டியே உருகச் செய்வதன் மூலம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தன. அவர் தோட்டக்கலை படித்தவர் அல்ல. இருந்தும் லடாக் தோட்டக்கலையின் வரலாற்றில் அவர் பெயரை நான் விஞ்ஞானிகளின் வரிசையிலேயே எழுதுவேன், ஏனென்றால் முன்னதாக நாற்றுத் தயாரான ஒவ்வொரு வயலும் முன்னதாகத் தண்ணீரையும் கேட்கிறது. அந்தத் தண்ணீர் இன்னும் பல ஊர்களில் ஜூனில்தான் வருகிறது.