கண் தானம் இனித் தேவையில்லை எண்டு வாற மெசேஜ் பிழை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு மெசேஜ் சுத்துது, "அக்ரிலிக்கில செய்த செயற்கைக் கருவிழி வந்திட்டுது, ஆருக்கும் வைக்கலாம், இனிக் கண் தானம் தேவையில்லை" எண்டு. இது பிழை.

அக்ரிலிக்கைக் கண்ணுக்குள்ள வைக்கிறது உண்மைதான், புதுசும் இல்லை, 1949ல லண்டன்ல கண் டொக்டர் ஹரோல்ட் ரிட்லி கண்புரைக்கு வைச்ச லென்ஸே அந்தச் சாமான்தான், ஆனா அது கருவிழிக்கு, அதாவது கண்ணின்ர முன்பக்கத்தில இருக்கிற தெளிவான படலத்துக்கு, பின்னால இருக்கிறது. கனக்கப் பாவிக்கிற பொஸ்டன் கேப்ரோ எண்ட செயற்கைக் கருவிழியைப் பாருங்கோ, நடுவில அக்ரிலிக் துண்டு, அதைச் சுத்தி ஒருத்தர் தானம் தந்த கருவிழி, அந்தக் கருவிழியைத்தான் கண்ணோட வைச்சுத் தைக்கிறவை. தானம் இல்லாட்டி எதில தைக்கிறது? அதையும் பெரும்பாலும் மாத்தின கருவிழி திரும்பத் திரும்பப் பழுதாப்போன ஆக்களுக்குத்தான் வைக்கிறது, வைச்சபிறகு வாழ்நாள் முழுக்க அன்ரிபயோட்டிக் துளி விடவேணும், குளுக்கோமா (கண் நரம்பு பழுதாகிப் பார்வை குறையிற வருத்தம்) வருதோ எண்டும் பாத்துக்கொண்டே இருக்கவேணும்.

எனக்குப் பயம் என்னெண்டா, அருவி வெட்டு நேரம் நெல்லுச்சுணை பட்டுக் கண் புண்ணாகின சனம் "பிறகு பிளாஸ்டிக் போடலாம்தானே" எண்டு இருந்திடும். கண் சிவந்து நொந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, கடையில கேட்டுத் துளிமருந்து வாங்கி விடாதேங்கோ.

சந்தேகமெண்டா மாவட்ட ஆஸ்பத்திரி கண் கிளினிக்கில கேளுங்கோ, இல்லாட்டி 1961ல டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கின இலங்கைக் கண் தானச் சங்கத்திட்டக் கேளுங்கோ. அந்த மெசேஜைத் தயவுசெய்து இனி ஆருக்கும் அனுப்பாதேங்கோ.