நடப்பது மட்டுமா கனவு?
ரோபோ கால்கள் பற்றிய இந்தக் கட்டுரையில், தண்டுவடத்தில் அடிபட்டவர்களின் ஒரே கனவு மறுபடி நடப்பதுதான் என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். 2004-ல் வெளியான கிம் ஆண்டர்சனின் ஆய்வில் (அவரும் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்தான்) எந்தச் செயல்பாடு திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மேம்படும் என்ற கேள்விக்கு 681 பேர் பதில் சொன்னார்கள். கழுத்தில் அடிபட்டவர்கள் முதலில் கேட்டது கையை. கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் கேட்டது தாம்பத்தியத்தை. நடைக்கு இரு தரப்பிலும் முதலிடம் இல்லை. தென்னையிலிருந்து விழுந்த என் மாமா மகனுக்கு உள்ளங்கையில் பட்டை கட்டி, அதில் ஸ்பூனைச் செருகிவிட்டால்தான் சாப்பாடு. சட்டைப் பொத்தான் போட இன்னொரு ஆள் வேண்டும். பார்க்க வருபவர்களோ "எப்ப நடப்பே?" என்றுதான் கேட்கிறார்கள், அவருக்கு எரிச்சல் வராதா? அப்புறம், அடிபட்டு ஒரு வருடம் தாண்டினால் எதுவும் தேறாது என்று கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். 2024-ல் வந்த அப்-லிஃப்ட் (Up-LIFT) என்ற ஆய்வில் கழுத்துத் தோலின் மேல் மின்தூண்டல் கொடுத்தார்கள், அறுவை சிகிச்சை கிடையாது. முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் தூண்டலோடு பயிற்சி. 60 பேரில் 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் செயல்பாடும் கூடின. அடிபட்டு 34 ஆண்டு ஆனவருக்கும் பலன் தெரிந்தது. தனி ஒப்பீட்டுக் குழு இல்லாதது குறைதான், சரி. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு ரோபோ கால்களைவிட இதுதான் பெரிய செய்தி.