நாலு கம்பெனி ஒயர், ஒரே கம்பம்

காரைக்குடியைச் சுற்றி, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இன்டர்நெட் விளம்பரப் பலகைதான். இன்ஸ்டாலேஷன் இலவசம், ரவுட்டர் இலவசம், முதல் மாதம் இலவசம். முன்பெல்லாம் டவுனைத் தாண்டினால் டெலிபோன் ஒயரில் வரும் பிராட்பேண்டு, இல்லாவிட்டால் டாங்கிள், மழை பெய்தால் அதுவும் படுத்துவிடும். அந்த வகையில் இந்தப் போட்டியைக் குறை சொல்ல மாட்டேன். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தபோது ஆரம்ப பிளானே மாதம் 699 ரூபாய், ஒரே வருடத்தில் 30 எம்பிபிஎஸ் (இன்டர்நெட் வேகத்தின் அளவு) 399 ரூபாய் என்று இறக்கினார்கள், ஏர்டெலும் 499-க்கு வந்தது. (பலகையில் 399 என்று இருக்கும், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துக் கட்டும்போது 471. அதைப் பலகையில் போட்டால் என்னவாம்?)

ஆனால் இந்தப் போட்டியெல்லாம் ஆள் சேர்க்கிற வரைக்கும்தான்.

போன மழைக்காலத்தில் வைக்கோல் லாரி ஒன்று எங்கள் தெருவில் தாழ்வாகத் தொங்கிய ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கால் சென்டரில் பேசிய பெண் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்கிறார். ஒயர் தெருவில் கிடக்கிறதம்மா என்றால், அதற்கும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார். சரி, வேறு கம்பெனி வைத்திருக்கிற எதிர்வீட்டில் கேட்கலாம் என்று போனால் அங்கேயும் மோடத்தில் சிவப்பு விளக்கு, லைன் இல்லை. எல்லாக் கம்பெனி ஒயரையும் ஒரே கம்பத்தில் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தால், அறுகிறபோது எல்லாம் சேர்ந்துதான் அறும். இதில் எங்கே இருக்கிறது போட்டி?

எதிர்வீட்டுக்கு அன்று மாலையே லைன் வந்துவிட்டது. அவர்களுக்கு இணைப்பு கொடுத்தவர் எங்கள் ஊர் கேபிள்காரர், பிஎஸ்என்எல் ஃபைபரை வருமானப் பங்குக்கு எடுத்து நடத்துகிறார். ஏணியில் சாய்ந்தபடியே, முடி மாதிரி இருக்கிற கண்ணாடி இழையின் மேல்தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மிஷினில் அறுந்த இரண்டு முனையையும் வைத்து மூடினார், அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. எனக்கு இணைப்பு கொடுத்த பெரிய கம்பெனியின் ஆள் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார்கள், வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. இத்தனைக்கும் வேகம் என்னுடையதுதான் அதிகம்!

இந்த வேகக் கணக்கே நம் ஊர் வீடுகளுக்குச் சரிப்படாது. முகப்பிலே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார்கள். பழைய செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, சுவரோ கோட்டைச் சுவர், இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் வைஃபை செத்துவிடும். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை வைஃபை சிக்னல் விடும். 5 வேகமானதுதான், ஆனால் கனத்த சுவரைக் கண்டால் 2.4-ஐ விட அதுதான் முதலில் விழும். 300 எம்பிபிஎஸ் வாங்கி ஆச்சி அடுப்படியில் உட்கார்ந்து பேரனோடு வீடியோ காலில் பேச முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்? அந்தப் பணத்தில் 100 எம்பிபிஎஸ் போதும் என்று எடுத்து, உள்கட்டுக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். அப்புறம், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கேமரா போட்டுவிட்டு சிங்கப்பூரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேண்டியது அப்லோடு வேகம், அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்புகிற வேகம். பிளான் விற்க வருகிற பையனிடம் அது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பான்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ரோட்டைத் தோண்டும்போதே பொதுவாக ஒரு குழாயைப் பதித்து, எந்தக் கம்பெனி ஆனாலும் வாடகை கொடுத்து அதற்குள் ஒயரை விடு என்று சொல்லலாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டமே பொதுக் குழாய்ப்பாதையைப் பற்றிப் பேசுகிறது. நம் ஆட்கள் தெருவிளக்குக்கே மனு மேல் மனு கொடுக்க வைக்கிறவர்கள், இருந்தாலும் வார்டு கவுன்சிலரிடம் கேட்டு வைப்போம்.

அதுவரைக்கும், ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று யாராவது வந்தால் கட்டாதீர்கள். மொபைல் நம்பரை 2011-லிருந்து அப்படியே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள முடிகிறது, ஃபைபரில் அதெல்லாம் கிடையாது, பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒயர் இழுக்க வேண்டும். மாதாமாதம் கட்டினால் பிடிக்காதபோது கழன்றுகொள்ளவாவது முடியும். புது இணைப்பு எடுப்பதாக இருந்தால் விலையை அப்புறம் கேளுங்கள், லைன் போனால் ரிப்பேருக்கு வருகிற ஆள் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.