பார்கின்சனுக்கு மருந்தே இல்லன்னு சுத்துற வொய்ஸ் கட் பொய்

நம்ம தோட்டப்பக்க வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு வொய்ஸ் கட் சுத்துது, பார்கின்சன் வயசானா வர்ற நடுக்கம்தான், மருந்து ஒன்னும் கெடையாது, ஆராய்ச்சிக்கு அரசாங்கம் காசு குடுக்கிறது வீண்னு. மூனுமே பொய்ங்க.

இது மூளைல டோபமின்ங்கிற, ஒடம்ப அசைக்க ஒதவுற ரசாயனத்த சுரக்கிற செல்லுங்க அழியிறதால வர்ற நோய், 50 வயசுக்கு முன்னாடியும் வரும். சிலருக்கு நடுக்கமே இருக்காது. கையெழுத்து வரவர பொடிசாகும், சட்டை பட்டன் போட நேரமெடுக்கும், நடக்கிறப்ப ஒரு கை மட்டும் ஆடாம தொங்கும், லயத்துல நாம கெழடு தட்டிருச்சுன்னு விட்டுர்றோம்.

மருந்து இருக்கு, மூளைக்குள்ள போய் டோபமினா மாறுற லெவோடோபா. 1967ல அமெரிக்காவுல ப்ரூக்ஹேவன் ஆய்வுகூடத்து டாக்டர் கோட்சியாஸ் இந்த மருந்தோட ஆரம்ப வடிவமான டோபாவ கொஞ்சங்கொஞ்சமா கூட்டிக் குடுத்துத்தான் அது வேலை செய்யும்னு காட்டுனார், அந்த ஆய்வுகூடம் ஓடுனதே அரசாங்க காசுல, அப்பறம் எப்பிடி வீண்னு சொல்றது? ஆனா செல் அழியிறத நிறுத்த இன்னும் மருந்து இல்ல, அதுக்குத்தான் காசு வேணும்.

நமக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம இலங்கை தேயிலை மலைல புல்லுக்கு அடிச்ச பாராகுவாட்ங்கிற களைக்கொல்லிய 2008லருந்து படிப்படியா தடை செஞ்சாங்க, காரணம்னு முடிவா நிரூபிக்கலைன்னாலும் பல ஆய்வுங்க அதை பார்கின்சனோட சேத்துப் பேசுது. அந்த மருந்தடிச்ச நம்ம ஆளுங்கள பரிசோதிச்சுப் பாக்க நிதி ஒதுக்கச் சொல்லி மலையக எம்பிமார்கிட்ட கண்டிப்பா கேக்கணும்.

வொய்ஸ் கட்ட நம்பி மாத்திரைய திடீர்னு நிறுத்திறாதீங்க, ஒடம்பு இறுகி காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், எதுன்னாலும் கிளினிக் டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க.